ஆணி டயர் குறிப்புகள்

மைனஸ் 20-க்கு நான் பயப்படுவதில்லை. பிளஸ் 1-க்குத்தான் பயம்.

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் கேட்பதெல்லாம் மைனஸைப் பற்றித்தான். "மைனஸ் இருபதாமே, அதுலயுமா சைக்கிள்?" என்பார் பெரியப்பா. "அதுலதான் பெரியப்பா நிம்மதியா ஓட்ட முடியும்" என்றால் நம்பமாட்டார். உறைநிலைக்குக் கீழே போனாலும் ஐஸின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் முழுக்க இறுகாமல் பாதி நீராகவே கிடக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1850-லேயே இதைச் சொல்லிவிட்டார். குளிர் ஏற ஏற அந்தப் படலம் மெலிந்துகொண்டே போகும். மைனஸ் 15-இல், மிதிபட்டு இறுகிய பனி டயரை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். 0-வை நெருங்கும்போது படலம் தடிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு தூறல் விழுந்தால் கீழே ஐஸ், அதன்மேல் தண்ணீர், அதன்மேல் நாம். அன்றைக்கு நடந்து போகிறவர்களும் விழுவார்கள்.

அதனால் காலையில் நான் பார்ப்பது எத்தனை டிகிரி என்பதை அல்ல. ராத்திரி 0-வைத் தாண்டி மேலே போய்விட்டுத் திரும்ப இறங்கியதா என்பதை.

*

ஊர்: ஓவுலு. வடக்கு பின்லாந்து, பாத்னியா வளைகுடாவின் கரை, ஏறத்தாழ 65-ஆவது அட்சரேகை. இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனம். டிசம்பர் கடைசியில் சூரியன் பத்தரை மணிக்கு எழுந்து இரண்டு மணி தாண்டியதும் போய்விடும். வேலைக்குப் போவதும் இருட்டில், திரும்புவதும் இருட்டில். பனி நவம்பரில் தங்க ஆரம்பித்தால் ஏப்ரல்வரை போகாது.

இங்கே சைக்கிள் பாதைகள் 900 கிலோமீட்டருக்கு மேல். கார் சாலையைக் குறுக்கே கடக்காமல் அடியில் புகுந்து போகும் சுரங்கப் பாதைகள் முந்நூறை ஒட்டி. கோடையில் ஐந்தில் ஒரு பயணம் சைக்கிளில் என்றால், நடுக்குளிர்காலத்திலும் அது பத்தில் ஒன்றுக்குக் கீழே போவதில்லை. குளிர்கால சைக்கிள் ஓட்டத்துக்கென்று ஒரு சர்வதேச மாநாடு உண்டு. அதன் முதல் கூட்டம் 2013-இல் நடந்தது இந்த ஊரில்தான். அதற்குப் பின் வின்னிபெக், லேவார்டன், மினியாபொலிஸ், மாண்ட்ரியல் என்று சுற்றியது. எல்லாம் பிப்ரவரியில். மே மாதத்தில் நடத்தினால் யாரும் மதிக்கமாட்டார்கள் போலிருக்கிறது.

*

ஆணி டயரைப் பற்றி.

ரப்பர் கட்டைகளுக்கு நடுவே பதித்த சின்னச் சின்ன ஆணிகள். முனை டங்ஸ்டன் கார்பைடு. வெறும் இரும்பாக இருந்தால் ஒரு பருவத்திலேயே தேய்ந்து மொட்டையாகிவிடும். விலை மலிவானதில் ஒரு டயருக்கு நூற்றுச் சொச்சம் ஆணிகள், நல்லதில் இருநூறு, முந்நூறு. மலிவானதில் ஆணிகள் ஓரத்தில் மட்டும் இருக்கும். காற்றை இறுக்கி அடித்தால் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும், ஆணி தொடாது. காற்றைக் குறைத்தால் டயர் பரந்து உட்கார்ந்து ஓரத்து ஆணிகளும் வேலை செய்யும்.

காற்று தானாகவும் குறையும். 20 டிகிரி வீட்டுக்குள் 3 பார் அடித்துவிட்டு மைனஸ் 20-இல் வெளியே நிறுத்தினால், டயர் ஓட்டையே இல்லாமல் அரை பார் இறங்கியிருக்கும். குளிர்ந்த காற்றுக்கு அழுத்தம் குறைவு, பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதி. பஞ்சர் என்று நினைத்து ட்யூபைக் கழற்றி விரல் விறைத்தவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்தது ஆணியின் சத்தம். பனி இல்லாத வெறும் தாரில் போனால் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். இறுகிய பனியில் ஏறினால் அது அடங்கி, அடியில் ஒரு நறநறப்பு மட்டும் கேட்கும். ஐஸில் ஏறினால் கூர்மையாக, இடைவெளி விட்டு ஒரு கீறல். இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் ஐஸும் ஈரத் தாரும் ஒன்றுபோலப் பளபளக்கும். கண் ஏமாறும் அந்த இடத்தில் காது ஏமாறாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

பின்லாந்துக்காரர்களுக்கு டயர் என்றால் தனிப் பெருமை. லாரிக்கான உலகின் முதல் குளிர்கால டயர் 1934-இல் இங்கே, நோக்கியா என்ற ஊரில் செய்யப்பட்டது. ஆமாம், செல்போனுக்குப் பெயர் கொடுத்த அதே ஊர். ரப்பரும் காகிதமும் கேபிளும் செய்துகொண்டிருந்த கம்பெனிகள் சேர்ந்துதான் பிற்பாடு போன் செய்தன.

*

சைக்கிளை ராத்திரி வீட்டுக்குள் எடுத்து வைக்கக் கூடாது. பாவம் குளிர்கிறதே என்று உள்ளே கொண்டுவந்தால் சட்டத்தில் ஒட்டிய பனி உருகும், குளிர்ந்த இரும்பில் காற்றின் ஈரமும் வியர்க்கும். அந்தத் தண்ணீர் பிரேக் ஒயரின் உறைக்குள், பூட்டின் துளைக்குள், ஃப்ரீவீலுக்குள் இறங்கும். மறுநாள் காலை வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் எல்லாம் ஐஸ். வெளியிலேயே, கூரைக்கடியில் நின்றால் அது பாட்டுக்கு உலர்ந்து நிற்கும்.

ஃப்ரீவீல் உறைவது விசித்திரமான அனுபவம். உள்ளே சின்ன நாக்குகள் இருக்கின்றன. முன்னோக்கி மிதிக்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும், மிதிக்காதபோது தாண்டிப் போகும். கிரீஸ் இறுகிவிட்டால் நாக்கு எழும்பாது. பெடல் சுற்றும், செயின் சுற்றும், வண்டி மட்டும் நகராது. மெல்லிய எண்ணெய் போட்டால் சரியாகும், ஆனால் அதை அக்டோபரிலேயே போட்டிருக்க வேண்டும்.

பூட்டின் துளை உறைந்தால் வாயால் ஊதக் கூடாது. மூச்சிலுள்ள ஈரமும் போய்ச் சேர்ந்து இன்னும் கெட்டியாகும். சாவியை லைட்டரில் லேசாகச் சூடாக்கி நுழைப்பார்கள்.

கியர் வைத்த வண்டியைக் குளிர்காலத்தில் எடுப்பவர்கள் குறைவு. பின் சக்கரத்தின் பற்சக்கரங்களுக்கு நடுவே பனி அடைத்துக்கொண்டு செயின் துள்ளும். இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளும் பாட்டிகளும் ஓட்டுவது ஒற்றை கியர் வண்டி. பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். பிரேக் முழுக்க பின் சக்கரத்தின் அச்சுக்குள்ளே மூடிக் கிடப்பதால் பனி அதைத் தொடாது. ஹெல்காமா என்ற கம்பெனி 1960-களில் அறிமுகப்படுத்திய 'யோப்போ' என்ற வண்டி அப்படித்தான். குட்டையான சட்டம், உயர்த்திய ஹேண்டில்பார். பார்த்தால் இதையா மைனஸ் 20-இல் ஓட்டுவார்கள் என்று தோன்றும். கடையில் பளபளக்கும் விலையுயர்ந்த வண்டிகளைவிட இதற்கு வம்பு குறைவு.

*

உடுப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும்போது குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் இரண்டு கிலோமீட்டரில் வியர்க்கும். வியர்த்தால் அலுவலகம் போய்ச் சேர்ந்தபின் நடுங்குவோம். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் உறை நல்லது. ஹேண்டில்பாரோடு கட்டிவைக்கும் பெரிய உறை இன்னும் நல்லது.

காற்றுக் குளிர்: மைனஸ் 15, காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நாம் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். முகத்துக்கு அது மைனஸ் 24. கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் கொண்டுவந்த சூத்திரப்படி போட்ட கணக்கு இது. அதற்காக டொராண்டோவில் தன்னார்வலர்களைக் குளிர்க் காற்றறையில் நடக்கவிட்டு முகத்தில் உணரிகளை ஒட்டி அளந்தார்கள். மெதுவாகப் போனால் குளிரும் குறையும். இங்கே யாரும் விரட்டுவதில்லை, பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே சீராக மிதிக்கிறார்கள்.

*

மெட்சோகாங்காஸ் பள்ளியின் சைக்கிள் நிறுத்தப் படம் உலகம் சுற்றியது. நகரத்தின் சைக்கிள் விவகாரங்களைக் கவனித்துவந்த பெக்கா தஹ்கோலா எடுத்தது. மைனஸ் 17, பள்ளியில் மொத்தம் 1,200 பிள்ளைகள், சுமார் ஆயிரம் பேர் சைக்கிளில் வந்திருந்தார்கள். வரிசை வரிசையாக சைக்கிள், சீட்டில் எல்லாம் பனி. வெளிநாட்டில் பார்த்தவர்கள் "என்ன வைராக்கியம்!" என்றார்கள். வைகிங் ரத்தம், இரும்பு நெஞ்சு என்றெல்லாம் எழுதினார்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வைராக்கியம்? பின்னால் சறுக்கு மட்டையைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, பக்கத்தில் வரும் பிள்ளையோடு வாயடித்துக்கொண்டு போகிறது. அதற்குப் பாதை இருக்கிறது, போகிறது. வீட்டிலிருந்து பள்ளிவரை ஒரு கார்கூடக் குறுக்கே வராத பாதை, விடிவதற்குள் பனி தள்ளிய பாதை. இந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், வைராக்கியம் எத்தனை பேரிடம் மிஞ்சுகிறது என்று.

இந்த ஊரைவிடக் குளிர் குறைந்த, பனி குறைந்த எத்தனையோ நகரங்களில் ஜனவரியில் சைக்கிளே கண்ணில் படாது. கேட்டால் குளிரைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

*

பனி தள்ளுவது.

பெரிய சைக்கிள் பாதைகளைக் காலை ஏழு மணிக்குள் தள்ளி முடித்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள ஒப்பந்தம். நாலு மணிக்கெல்லாம் மஞ்சள் விளக்கு சுழல டிராக்டர் போகும் சத்தம் கேட்கும். முழுக்கச் சுரண்டித் தாரை வெளியே கொண்டுவர மாட்டார்கள். மேலே விழுந்த புதுப் பனியைத் தள்ளிவிட்டு அடியில் இறுகிய ஒரு தட்டு அப்படியே விடப்படும். அது வழவழப்பாகிவிட்டால் பல் வைத்த தகட்டால் கீறிச் சொரசொரப்பாக்கி, பொடி ஜல்லி தூவுவார்கள். வெள்ளைப் பாதை வெளிச்சத்தையும் திருப்பிக் கொடுக்கும். தெருவிளக்கு கொஞ்சமாக இருந்தாலும் பாதை தெரியும்.

உப்பு ஏன் போடுவதில்லை என்றால், போட்டுப் பலன் இல்லை. சமையல் உப்புக் கரைசல் மைனஸ் 21 வரை உறையாமல் இருக்கும் என்பது ஆய்வகத்தில் சரி. ரோட்டில் மைனஸ் 7, 8-க்குக் கீழே போனாலே அது மந்தமாகிவிடும். அரைகுறையாகக் கரைந்த பனி சகதியாகும். பழுப்பு நிறத்தில், சர்க்கரை மாதிரி உதிர்ந்து, சக்கரத்தை இடமும் வலமும் இழுக்கும். அதில் ஆணி டயரும் உதவாது. தெற்கே 0-வைச் சுற்றியே குளிர் ஆடும் ஊர்களில் வேறு வழி: சுவீடனின் லின்ஷோப்பிங் நகரம் பெரிய சுழலும் தூரிகையால் பனியைத் துப்புரவாகப் பெருக்கி எடுத்துவிட்டு, பின்னாலேயே கொஞ்சமாக உப்புநீர் தெளிக்கும் முறையை முன்னெடுத்தது. இப்போது ஸ்டாக்ஹோமும் ஹெல்சின்கியும் முக்கியப் பாதைகளில் அதைச் செய்கின்றன. கோபன்ஹேகனில் சைக்கிள் பாதையைத்தான் முதலில் தள்ளுகிறார்கள், அங்கேயும் உப்புநீர்தான்.

ஆக, உப்பா ஜல்லியா என்பதை ஊரின் குளிர் தீர்மானிக்கும். யாருக்கு முதலில் என்பதை நகராட்சி தீர்மானிக்கும். சண்டையெல்லாம் அதில்தான்.

கார்ல்ஸ்கோகா என்ற சுவீடன் ஊரின் கதை பிரபலம். நகராட்சியின் ஒவ்வொரு வேலையும் ஆண், பெண் இருவருக்கும் சமமாகப் போய்ச்சேர்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார்களாம். பனி தள்ளுவதிலாவது இந்தப் பேச்சு வராது என்று ஒருவர் கிண்டலடிக்க, அதையும்தான் பார்ப்போமே என்று பார்த்தார்கள். வந்தது. கார் ஓடும் பெரிய சாலைகள் முதலில், நடைபாதையும் சைக்கிள் பாதையும் கடைசியில். காரில் வேலைக்குப் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். நடந்தும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். பத்து சென்டிமீட்டர் பனியில் காரை ஓட்டிவிடலாம். குழந்தை வண்டியைத் தள்ளிப் பாருங்கள். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருவதிலும் நடப்பவர்களே அதிகம். வரிசையைத் திருப்பிப்போட்டார்கள். செலவு ஏறவில்லை, அதே வண்டிகள், அதே ஆட்கள்.

ஸ்டாக்ஹோமும் இதைக் கையில் எடுத்தது. 2016 நவம்பரில் ஒரே நாளில் 39 சென்டிமீட்டர் கொட்டியது. நூறு வருஷத்துக்கு மேலாக நவம்பரில் அப்படிக் கொட்டியதில்லை. ஊரே நின்றது. மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள், பெண்ணுரிமைப் பனி தள்ளலால் வந்த வினை என்று. அவ்வளவு பனி எந்த வரிசையில் தள்ளினாலும் நின்றிருக்கும். ஆனால் கேலிக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லையே.

இங்கேயும் குறை இல்லாமல் இல்லை. கார் சாலையைத் தள்ளும் வண்டி, ஓரத்தில் ஒதுக்கும் பனியைக் குறுக்குப் பாதையின் வாயில் வரப்பாகப் போட்டுவிட்டுப் போகும். முழங்கால் உயரம். இரண்டு மணி நேரத்தில் அது கல்லாகிவிடும். சாலைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே அகலமாகப் புல்தரை விட்டிருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை கிடையாது. பனி அங்கே குவிந்து கிடக்கும். கோடையில் வீண் இடமாகத் தெரிகிற அந்தப் பட்டை எதற்கு என்று ஜனவரியில் புரியும்.

*

1900-ஆம் வருஷம். அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, கனடாவின் டாசனிலிருந்து சிலர் சைக்கிளில் கிளம்பினார்கள். ஆயிரம் மைலளவு, பெரும்பாலும் உறைந்த யூகான் ஆற்றின் மீதே. எட் ஜெஸ்ஸன் பிப்ரவரியில் கிளம்பினார். டயர் ரப்பர் விறைத்தது, அச்சின் எண்ணெய் உறைந்தது. மார்ச்சில் கிளம்பிய மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க் என்ற இளைஞருக்குக் கடைசிக் கட்டத்தில் செயின் அறுந்தது. கோட்டைக் கழற்றிக் குச்சியில் விரித்துப் பாயாக்கி, கடல் ஐஸ் மீது காற்று தள்ளத் தள்ளப் போய்ச் சேர்ந்தார்.

வீரக்கதைதான், மறுக்கவில்லை. அதில் எனக்குப் பிடித்த விவரம் வேறு. அவர்கள் ஓட்டியது நாய்ச் சறுக்கு வண்டிகள் போய்ப் போய் இறுகிய தடத்தில். சறுக்குக் கட்டை பதிந்த, கையகலம்கூட இல்லாத பள்ளத்தில் சக்கரத்தை வைத்து ஓட்டினார்கள். விலகினால் இடுப்பளவு பனி. நாய்கள் முன்னே போயிருக்காவிட்டால் சைக்கிள் டாசனையே தாண்டியிருக்காது.

*

சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற பையன். முதுகில் சதுரப் பெட்டி, சாப்பாடு கொண்டுபோகிறவன். நின்ற இடத்தில் நான் போனில் பேசிய தமிழ் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"அண்ணே, இந்த ஆணி டயர் என்ன வெல?"

"ஒண்ணு ஐம்பது அறுபது யூரோ ஆகும் தம்பி."

"ரெண்டு மாத்தணுமே."

"முடியலன்னா முன்னாடி மட்டுமாச்சும் மாத்து. பின் சக்கரம் வழுக்குனா கால ஊணிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்குனா நேரா தரதான்."

மதுரைப் பக்கம், இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறான். அவனுக்குத் தள்ளிய பாதையில் மட்டும் ஓட்டும் வசதி இல்லை. ஆர்டர் வந்த வீடு எந்தச் சந்தில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். சந்துகளும் அடுக்கக முற்றங்களும் கடைசியில்தான் தள்ளப்படும், சில நாள் மத்தியானம் தாண்டி. ராத்திரி புயலடித்துப் பனி கொட்டும்போதுதான் ஆர்டரும் குவியும். குளிர்கால சைக்கிளைப் பற்றி மாநாடு போடுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளில் ஒருவனை மேடையில் ஏற்றி, எந்தெந்த முனையில் விழுந்தாய் என்று கேட்கலாம். ஊரின் ஒவ்வொரு மோசமான முனையும் அவனுக்குத் தெரியும்.

*

பாட்டிகள் சிலர் சைக்கிளை விட்டு உதைசறுக்குக்கு மாறிவிடுவார்கள். முன்னால் ஒரு நாற்காலி, அடியில் நீளமான இரண்டு இரும்புத் தண்டுகள். ஒரு காலைத் தண்டில் வைத்து இன்னொரு காலால் உதைத்துப் போவது. நாற்காலியில் கடைப்பை. ஜல்லி தூவினால் இவர்களுக்குக் கோபம் வரும், இரும்பு சறுக்காது. ஒரே பாதையில் எனக்குத் தேவையானது அவர்களுக்கு எதிரி.

*

எல்லார் சட்டைப் பையிலும் ஒரு பிளாஸ்டிக் துண்டு நூலில் தொங்குகிறது. கார் வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னும். இருட்டில் நடக்கிறவர்கள் இதை மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அர்வி லெஹ்தி என்ற பின்லாந்துக்காரர் பிளாஸ்டிக் சாமான் செய்துகொண்டிருந்தவர். குதிரை வண்டிகளுக்காகச் செய்ததை மனிதருக்கு மாற்றினார். மருந்துக்கடையில், வங்கியில், நூலகத்தில் என்று எங்கு போனாலும் ஒன்றை இலவசமாகக் கொடுப்பார்கள். என் பையில் நாலைந்து கிடக்கின்றன. சைக்கிளுக்கு இது போதாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பேட்டரி விளக்கு கடுங்குளிரில் சீக்கிரம் செத்துவிடும். சக்கர அச்சிலேயே டைனமோ வைத்தவர்கள் பாக்கியவான்கள்.

*

ஏப்ரல். பனி போனதும் ஆறு மாதம் தூவிய ஜல்லி முழுக்கப் பாதையில் கிடக்கிறது. பெருக்கி எடுக்கச் சில வாரம் ஆகும், அதுவரை ஊரே தூசி. நகராட்சி காற்றின் தரம் பற்றி எச்சரிக்கை கொடுக்கும். வளைவில் திரும்பும்போது ஜனவரி ஐஸைவிட இந்தப் பொடி ஜல்லிதான் சக்கரத்தை வாரிவிடும். கூர்முனையுள்ள கல் என்பதால் பஞ்சரும் இப்போதுதான்.

ஆணி டயரை எப்போது கழற்றுவது என்பதில் எங்கள் கட்டடத்தில் இரண்டு கட்சி. கார்களுக்கு இது இன்ன தேதிவரை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, சைக்கிளுக்கு இல்லை. கீழ்வீட்டுப் பெரியவர் மே முதல் தேதி முடிகிறவரை தொடமாட்டார். எதிர்வீட்டு நர்ஸ் தார் தெரிந்த முதல் வாரமே மாற்றிவிட்டார். ஆணி தேய்ந்தால் அடுத்த வருஷம் யார் காசு கொடுப்பது என்று கேட்கிறார். நான் முன் டயரை விட்டுவைத்துப் பின் டயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ரெண்டு கட்சிக்கும் அது பிடிக்கவில்லை.